ஆடியில் போட்ட கறுப்பு மணல்

தி. நகரில் என் அக்கா வீட்டு ஹாலில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அதில் நாலு பேரட் மீன்கள். கிளிமூக்கு மாதிரி வாய், உருண்டை உடம்பு, பழுத்த மிளகாய் நிறம். போன வருஷம் அந்த நாலும் வெளுத்துப்போயின. மீன் வெளுத்ததற்கு வீட்டுக்கு வந்த மருமகள்தான் காரணம் என்று சொல்லி, அவளைத் திரும்பக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுக்கு என் அக்கா போனாள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை எழுதும்போதும் வருகிறது.

தொட்டி எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தானுக்குப் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கடையும் கடைக்குப் பின்தெருவில் வீடுமாக உட்கார்ந்துவிட்ட குடும்பம். சில வருஷங்களுக்கு முன்னால் வியாபாரம் படுத்தபோது வாஸ்து பார்க்கிற ஒருத்தரைக் கூட்டி வந்தார்கள். ஈசானிய மூலையில் தொட்டி வை, சிவப்பு மீன் விடு என்றார் அவர். வீட்டுக்கு வருகிற கெட்டதையெல்லாம் மீன் தன் மேல் வாங்கிக்கொள்ளுமாம். மீன் செத்தால் வருத்தப்படக் கூடாதாம், உங்களுக்கு வர இருந்தது அதோடு போய்விட்டது என்று அர்த்தமாம்.

"மீன் வளர்க்கிறியா, இல்ல அடியாள் வச்சிருக்கியா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"உனக்கு எல்லாம் கிண்டல்தான். தண்ணி மாத்தத் தெரியும்னா மாத்திக் கொடு, இல்லாட்டி வாயை மூடு" என்றாள்.

எனக்கு மாத்தத் தெரியும். நான் மந்தைவெளியில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மீன்தான். மூன்று தொட்டி வைத்திருக்கிறேன். என் மனைவி அதைப் பற்றிச் சொல்வதை இங்கே எழுத முடியாது.

மீன் பைத்தியம் பிடித்த புதிதில், ஒரு கடையில் தீப்பொறி மாதிரி சிவந்திருந்த சின்ன மீன்களைப் பார்த்து மயங்கி வாங்கி வந்தேன். அப்போது என் தொட்டி வெறும் கண்ணாடி. அடியில் மணல் கிடையாது. தொட்டியின் அடி விரிசல் விடக் கூடாது என்று கீழே வெள்ளைத் தெர்மோகோல் வைத்திருந்தேன். இரண்டொரு நாளில் மீன்கள் உரித்து வைத்த பச்சை இறால் மாதிரி மங்கலாக ஆகிவிட்டன. சாயம் ஏற்றிய மீனை என் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவ, மீன்களைப் பிடித்துக் கறுப்பு பிளாஸ்டிக் வாளியில் விட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், வாளிக்குள் கடையில் பார்த்த அதே சிவப்பு! தொட்டியில் விட்டேன், மங்கியது. திரும்ப வாளியில் விட்டேன், சிவந்தது.

"மீனை வச்சுக்கிட்டு என்ன, அலசி அலசி எடுக்குறீங்க? புடவையா அது?" என்றாள் மனைவி.

அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. பிறகு அங்கே இங்கே கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். தரை வெளுப்பாக இருந்தால், மேலே நிற்கிற கொக்கின் கண்ணுக்குச் சிவப்பு மீன் பளிச்சென்று தெரியும். அதனால் மீன் தோலுக்குள் இருக்கிற நிறத்தைச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. தரை இருட்டாக இருந்தால் தைரியமாக விரிக்கிறது. வாரக்கணக்கில் வெள்ளைத் தரையிலேயே கிடந்தால் நிறம் உள்ளேயே குறைந்துபோகும், திரும்பி வர நாளாகும். தீனி, வெளிச்சம் எல்லாமும் சேர்ந்ததுதான், ஆனால் தரைக்குப் பெரிய பங்கு உண்டு. தி. நகர் வீட்டு ஹாலுக்குள் கொக்கு வராது என்று மீனுக்கு யார் சொல்வது?

போன வருஷம் வைகாசியில் அக்கா மகனுக்குக் கல்யாணம். பெண் வீடு சைதாப்பேட்டை. மாம்பலத்தில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். பெண் அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். அளவாகப் பேசுவாள். பேசினால் நேராகப் பேசுவாள். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ரிசப்ஷனில் எங்கள் ஊர்க்காரப் பெண்கள் சிலர், "பொண்ணு கலர்தான் கொஞ்சம் கம்மி" என்று அவள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருத்தியும் நிறத்தில் ரதி இல்லை. நான் அதையும் அங்கேயே சொன்னேன். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்திருந்தார்கள். சுவர் வெள்ளை, தரைக்கு வெள்ளை டைல்ஸ். அதற்குப் பொருத்தமாகத் தொட்டியிலும் பழைய செம்பழுப்புக் கல்லை அள்ளிவிட்டு வெள்ளைக் கல் போட்டாள் அக்கா. பால் மாதிரி இருக்கட்டும், மங்களமாக இருக்கட்டும் என்று.

கல்யாணம் முடிந்து பத்துப் பதினைந்து நாளில் அத்தான் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி, ஸ்டென்ட், பத்தியம் என்று வீடே ஆடிப்போயிற்று. அந்த அமளியில் மீனை யாரும் கவனிக்கவில்லை. அவர் வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்தபோதுதான், "என்னம்மா, மீனெல்லாம் வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டாராம். அவர் பொழுது போகாமல் கேட்டார். அக்காவுக்கு அது நெஞ்சில் இறங்கிவிட்டது.

தொட்டி கழுவ மாதம் ஒருமுறை வருகிற ஆளிடம் நான் சொன்னேன், "கல்லை மாத்துய்யா. கறுப்பு மணல் போடு."

"கல்லு இன்னா சார் பண்ணும்? அது பாட்டுக்குக் கீழ கெடக்குது. கலர் தீனி கீது சார், ரெண்டு டப்பா வாங்கு, மீனு தக்காளி மாதிரி ஆயிடும்" என்றான்.

இரண்டு டப்பாவும் தீர்ந்தது. மீன் தக்காளி ஆகவில்லை.

அக்காவிடம் சொன்னேன். கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணம் நடந்த வீட்டுல, நடு ஹால்ல, ஈசானிய மூலையில கறுப்பா? உனக்குப் புத்தி இருக்கா? வேணும்னா ஒண்ணு செய்யலாம். ஆடி வரட்டும். ஆடியில எப்படியும் நல்ல காரியம் ஒண்ணும் கிடையாது. அந்த ஒரு மாசம் உன் கறுப்பைப் போட்டுப் பாரு. ஆவணி பொறக்கறதுக்குள்ள எடுத்துடணும்."

எனக்கு அது போதுமென்று தோன்றியது. அப்போது ஒரு விஷயம் எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அனுப்பினார்கள். பெண் பெட்டியோடு சைதாப்பேட்டைக்குப் போனாள். கறுப்பு மணல் தொட்டிக்குள் வந்தது. இரண்டும் ஒரே வாரம்.

மீன் என்ன செய்யும்? அதன் வேலையைச் செய்தது. ஆடிப் பெருக்கு வந்தபோது வயிற்றுப் பக்கம் சிவப்பு ஏறியிருந்தது. மாதக் கடைசியில் நாலும் பழையபடி மிளகாய்ப்பழம். கறுப்பு மணலுக்கு மேல் அவை திரும்புகிறபோது அத்தனை அழகு. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். அக்கா போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தம்பி, மீன் தேறிடுச்சுடா. நாலும் தீயா இருக்கு."

"நான்தான் சொன்னேனே, அக்கா."

"ம்… அவ போன நேரம்டா."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. "யார் போன நேரம்?"

"அவதான். வந்த நாள்லேர்ந்து பாரு. மீன் வெளுத்துது, உங்க அத்தான் விழுந்தாரு. அவ காலை வெளிய வச்சா, எல்லாம் தேறுது. இவரும் நேத்து ரெண்டு தெரு நடந்துட்டு வந்தாரு."

"மணல் போட்டோம்ல அக்கா!"

"மணல்ல என்னடா இருக்கு? மணலையா திங்குது மீன்?"

கையில் இருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். நல்லவேளை, கடையில் யாரும் இல்லை.

ஆவணி பிறந்தது. பெண்ணைக் கூப்பிடப் போகவில்லை. முதல் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றாள் அக்கா. அடுத்த வாரம் அத்தானுக்குச் செக்கப் என்றாள். அதற்கப்புறம், "புரட்டாசி கழியட்டுமே, என்ன அவசரம்" என்று ஆரம்பித்தாள். கறுப்பு மணலையும் எடுக்கச் சொல்லவில்லை. மீன் சிவந்திருக்கிறபோது எதையும் தொட அவளுக்குப் பயம்.

மாப்பிள்ளைப் பையனைப் பாத்திரக்கடையில் போய்ப் பிடித்தேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்து, குக்கர் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் தினமும் சாயங்காலம் வெளிவேலை என்று சொல்லிவிட்டு ரயில் ஏறி சைதாப்பேட்டைக்குப் போய், மாமியார் வைத்த மீன் குழம்பைத் தின்றுவிட்டு வருகிறான் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். அவன் அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

"உன் பொண்டாட்டியை ராசி கெட்டவள்னு உங்கம்மா சொல்றா. நீ கையை மோந்துக்கிட்டு வீட்டுக்கு வர்ற. வெக்கமா இல்லையாடா?"

"நான் என்ன மாமா சொல்றது? அம்மாகிட்ட குரலை உசத்தினா அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதுங்கறாங்க."

"உங்கம்மா சொல்றது அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொல்லிட்டேன்" என்றான். அவனை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்தால், அடி வாங்கினவன் மாதிரி ஏற்கெனவே இருந்தான்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பரணில் ஏறி, சாக்கில் கட்டி வைத்திருந்த வெள்ளைக் கல்லை இறக்கினேன். அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"என்னடா பண்ற?"

"பார்த்துக்கிட்டே இரு. உன் மருமக சைதாப்பேட்டையில இருக்கா. உன் மீன் இங்க இருக்கு. நடுவுல ஒரு ஸ்டேஷன். நான் கறுப்பை எடுத்துட்டு வெள்ளையைப் போடறேன். மீன் வெளுத்தா அது கல்லு. வெளுக்கலைன்னா நான் இந்த வீட்டுப் படி ஏறல."

"எலேய், வேண்டாம்ல. நல்லா இருக்கிறதைக் கெடுக்காத!" கோபம் வந்தால்தான் அவளுக்கு ஊர்ப்பேச்சு வரும்.

நான் கேட்கவில்லை. அவள் கண்ணெதிரே மணலை அள்ளி வாளியில் கொட்டினேன், வெள்ளைக் கல்லைப் பரப்பினேன். அத்தான் சோபாவில் உட்கார்ந்து உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். "இந்த வீட்டுல மீனுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இருந்தா ஒரு ஊறுகாயாவது வைப்பீங்க" என்றார்.

நான் ஜெயித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஜெயித்தேன். நாலைந்து நாளில் மீன் மங்க ஆரம்பித்தது, அடுத்த வாரம் நன்றாகவே வெளுத்துவிட்டது. ஒரு நாள் காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. ஒத்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறாள் என்று எடுத்தேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"தம்பி, நாலும் வெளுத்துப்போச்சுடா. இவருக்கு மறுபடி ஏதாச்சும் ஆயிடுமாடா?"

நான் கடையைத் திறக்காமல் பஸ் பிடித்துப் போனேன். அவள் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறாரா என்று இரண்டு தரம் எழுந்து போய் மூக்குக்குக் கீழே கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். இதைத் தினமும் செய்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. விடிந்ததும் முதலில் மீன், அப்புறம் அவர் மூச்சு. அதற்குப் பிறகுதான் காபி. அவர் கடையில் விழுந்த நாளிலிருந்து இப்படி.

என் சோதனை கெட்ட சோதனை என்று நான் சொல்ல மாட்டேன். அது சரிதான். ஆனால் நான் கல்லைப் பற்றிப் பேசினேன், அவள் தாலியைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தாள். கல்லை வைத்து அந்தப் பயத்தை எடுக்க முடியாது. அந்த வாஸ்துக்காரர் மட்டும் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

"அக்கா, கேளு. இது மீன். இது யாருக்காகவும் வெளுக்கல. வெள்ளைத் தரையில நிக்கறதுக்குப் பயந்து வெளுக்குது. எங்க வீட்டுல வெளுக்கும், எவன் வீட்டுலயும் வெளுக்கும்."

"அப்ப அந்தப் பொண்ணு காரணம் இல்ல."

"இல்ல."

"அப்ப இவருக்கு ஏண்டா வந்துது?"

"முப்பது வருஷமா கடையைச் சாத்திட்டு ராத்திரி தின்ன புரோட்டாவால வந்துது. சால்னா ரெண்டாந்தரம் ஊத்தச் சொன்னதால வந்துது. நீ வேணா அந்தப் புரோட்டாக் கடையை ஈசானிய மூலையிலேர்ந்து மாத்தச் சொல்லு."

அழுகையோடு சிரித்துவிட்டாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை நீயும் வர்றியா சைதாப்பேட்டைக்கு? தனியா போனா என்ன பேசறதுன்னு தெரியாது" என்றாள்.

போனோம். பழம், பூ, புடவை. பெண் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்னச் சந்தில். பெண்ணின் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காபி வந்தது. அக்கா தட்டை நீட்டி, "புரட்டாசி பொறக்கறதுக்குள்ள வந்துடும்மா. வீடு வீடா இல்ல" என்றாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பெண் தட்டை வாங்கவில்லை. மரியாதை குறைவாகவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள், "அத்தை, மீன் இப்ப என்ன கலர்ல இருக்கு?"

பெண்ணின் அம்மா, "ஏய்" என்றார். நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டேன்.

"வெளுத்துத்தாம்மா கெடக்கு" என்றாள் அக்கா. "இவன் பழையபடி வெள்ளைக் கல்லைப் போட்டுட்டான். கவலைப்படாத, நீ வர்றதுக்குள்ள கறுப்பு மணலைப் போட்டு, சிவப்பாக்கி வச்சுடறோம்."

"வேண்டாம் அத்தை. அப்படியே இருக்கட்டும். நான் வந்து மாத்திக்கறேன்."

"ஏம்மா?"

"சிவப்பா இருக்கறப்ப நான் உள்ள வந்தா, நாளைக்கு ஒண்ணு லேசா வெளுத்தாலும் எனக்குத் திக்குன்னு இருக்கும். தினம் எழுந்ததும் முதல்ல மீனைத்தான் பார்ப்பேன். அப்படி எனக்கு இருக்க முடியாது."

அக்கா நீட்டிய தட்டைக் கொஞ்சம் இறக்கினாள். பிறகு, "நானும் அப்படித்தாம்மா பார்க்கிறேன், தினம்" என்றாள்.

பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தட்டை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். உள்ளே நுழைந்தபோது ஈசானிய மூலையில் நாலு மீனும் சோற்றுக் கஞ்சி நிறத்தில் நின்றிருந்தன. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவளைத் தவிர. புடவையை மாற்றிக்கொண்டு வந்து, பால்கனியில் உட்கார்ந்து கறுப்பு மணலைக் கழுவினாள். தூசுத் தண்ணீர் போகிற வரைக்கும் அலச வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி கலங்கிவிடும். அக்கா குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, "எவ்வளவு நல்ல கல்லு, பால் மாதிரி, வீணாப் போச்சு" என்று புலம்பினாள்.

"துளசிச் செடியைச் சுத்திப் போடுங்க அத்தை. அழகா இருக்கும்."

"துளசி வெளுத்துடாதே?" என்றார் அத்தான் உள்ளேயிருந்து. அவருக்கு வாய் பழையபடி வந்துவிட்டது.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி எல்லாம் போயிற்று. ஹாலில் கறுப்பு மணல் கிடக்கிறது. மீன் சிவந்துவிட்டது, அவள் அங்கேயே இருக்கிறாள், ஸ்கேன் சென்டருக்கும் போய் வருகிறாள். அக்கா திருந்திவிட்டாளா என்று கேட்டால் தெரியாது. வாஸ்து இன்னும் பார்க்கிறாள். அத்தானின் மூச்சையும் பார்க்கிறாளாக இருக்கும்.

போன வாரம் காலையில் மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏண்டா, ஒரு மீன் லேசா வெளுத்த மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஆரம்பிச்சுட்டியா மறுபடியும்? இப்ப யார் மேல பழியைப்—"

"எதுக்குடா கத்தற? தொட்டி லைட்டு மாத்தணுமா, மணல் கழுவணுமான்னுதானே கேக்கறேன்?"

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். போனில் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "அத்தை, தூங்கி எழுந்த மீன் கொஞ்ச நேரம் வெளுப்பாத்தான் இருக்கும், அது இப்பதான் எழுந்திருக்கு. உங்களுக்கு மட்டும் காலையில முகம் எப்படி இருக்கும்? காபி குடிச்சுட்டு வந்து பாருங்க."

"சரி வைடா, காபி ஆறுது" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.